ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களுக்கு ஆக்ட் சிகிச்சை: வேலூரில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு 33 வயதில்தான் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) இருப்பதாக எழுத்தில் உறுதி செய்தார்கள். ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன், வீடு சத்துவாச்சாரியில். பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பதற்றத்துக்கும், மாலையில் வீடு திரும்பியதும் பேச்சே எழாத அளவுக்கு வரும் களைப்புக்கும் ஆக்ட் சிகிச்சை உதவும் என்று பரிந்துரைத்தார்கள். முதல் உளவியலாளரிடம் ஐந்து அமர்வுகள் சென்றேன். ஒவ்வொரு முறையும் விளங்காததற்கு விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டு வந்து, இது எனக்குப் பயன்படாது என்று நிறுத்திவிட்டேன். ஓராண்டு கழித்து, காட்பாடியில் வேறோர் உளவியலாளர் அதே சிகிச்சையைப் பிரித்து எனக்கு ஏற்றபடி அமைத்துத் தந்தபோதுதான், குறை எனக்குத் தரப்பட்ட வடிவத்தில் இருந்தது என்பது புரிந்தது. அந்த ஓராண்டு உங்களுக்கும் வீணாக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆக்ட் என்பதைத் தமிழில் ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்று சொல்வார்கள். வேதனை தரும் எண்ணங்களை ஒழிக்க முயலாமல், அவை இருக்கும்போதே நமக்கு முக்கியமானதை நோக்கி அடியெடுத்து வைக்கப் பழக்குவது இதன் நோக்கம். இதில் ஆறு பகுதிகள் உண்டு: உணர்வுகளை இருக்க விடுதல், எண்ணத்தை எட்டி நின்று பார்த்தல், இந்தக் கணத்தில் கவனம், எண்ணங்களுக்கு அப்பால் ‘நான்’ என்று இருப்பதை அறிதல், விழுமியங்களைத் தெரிவு செய்தல், அவற்றின்படி செயல்படுதல். ஆட்டிசத்தையோ ஏ.டி.எச்.டி.யையோ இது மாற்றாது. மாற்றும் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். அவற்றோடு சேர்ந்து வரும் பதற்றம், மனச்சோர்வு, தன்னைத் தானே பழித்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றுக்கே இது பயன்படுகிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு இப்போது இருந்தால், இந்தக் கட்டுரையைப் பிறகு படிக்கலாம். 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

1. யாரிடம் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வேலூர்ப் பகுதியில் வழி மூன்று. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் ஒன்று. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு மற்றொன்று. மூன்றாவது, தனியாக மருத்துவ உளவியலாளர்கள் நடத்தும் நிலையங்களும் காணொளி அமர்வுகளும்.

சி.எம்.சி.க்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனநல மையம் நகருக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனை வளாகத்தில் இல்லை. அது பாகாயத்தில் தனியாக இருக்கிறது. நான் முதல் நாள் நகர வளாகத்துக்குச் சென்று, அந்தக் கூட்டத்திலும் அறிவிப்பு ஒலியிலும் ஒரு மணி நேரம் நின்று, பிறகுதான் இடம் மாறி வந்திருப்பதை அறிந்தேன். அன்று அதற்குமேல் எங்கும் செல்லும் நிலையில் நான் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இத்தகைய ஒரு தவறு அந்த வாரத்தையே விழுங்கிவிடும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே எந்த வளாகம், எந்தக் கட்டடம், எந்த அறை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இயன்றால் முந்தைய நாள் மாலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே நகரப் பேருந்துகள் ஓடுகின்றன; காலை நெரிசல் தாங்காதவர்கள் ஆட்டோவுக்கான பணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

தனியாரிடம் செல்வதாக இருந்தால், அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். பதிவு பெற்றவருக்குச் சி.ஆர்.ஆர். எண் இருக்கும், அதைக் கேட்பதில் தவறில்லை, சரியானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘சான்றிதழ் பெற்ற ஆக்ட் சிகிச்சையாளர்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆக்ட் முறையைப் பேணி வளர்க்கும் பன்னாட்டுச் சங்கமே சிகிச்சையாளர்களுக்கு அப்படிச் சான்றிதழ் தருவதில்லை. பயிற்சிப் பட்டறைகளில் கலந்துகொண்டதற்கான தாள் வேறு, தொழில் பதிவு வேறு.

தொலைபேசியில் கேட்க மூன்று கேள்விகள் போதும். ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உள்ள பெரியவர்களோடு பணியாற்றியிருக்கிறீர்களா? பயிற்சிகளை எழுத்தில் தருவீர்களா? கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டாலும், கையில் ஏதாவது வைத்து உருட்டிக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு இடையூறாக இருக்குமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நான் இரண்டாவது உளவியலாளரைத் தேர்ந்தெடுத்தேன். “நீங்கள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசினாலும் எனக்குச் சரி” என்றார் அவர்.

2. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

ஏற்கெனவே மதிப்பீட்டு அறிக்கை உள்ளவர்கள் அதன் இரண்டு நகல்கள், இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய ஓ.பி. சீட்டுகள், ஆதார் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை இல்லாதவர்கள் சிகிச்சையைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீடு செய்துகொள்ள விரும்பினால், பெரியவர்களுக்கு அதில் கடினமான பகுதி குழந்தைப் பருவச் சான்றுகளைத் திரட்டுவதுதான். ஏ.டி.எச்.டி.க்கு 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள். ஆட்டிசத்துக்குப் பேச்சு வந்த வயது, விளையாட்டு முறை போன்றவற்றைக் கேட்பார்கள். பள்ளி மதிப்பெண் அட்டைகளில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்புகளைத் தேடி எடுங்கள். ‘நன்றாகப் படிக்கிறான், யாருடனும் சேர்வதில்லை’ என்று என் நான்காம் வகுப்பு அட்டையில் இருந்த ஒரு வரி, நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் சொன்னது. அம்மாவோ அத்தையோ உடன் வர முடிந்தால் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் விவரம் வீட்டாருக்கோ அலுவலகத்துக்கோ தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால் இதை அறிந்துகொள்ளுங்கள்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவருக்குத் தம் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும், தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது.

3. உங்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

முதல் அமர்வில் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். புதிய அறை, புதிய முகம், மேலே சுற்றும் மின்விசிறியின் கிறீச்சொலி ஆகியவற்றுக்கு நடுவே நாம் சொல்ல நினைத்தது வெளியே வராது. ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு நாள்களுக்கு முன்பே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். என் பக்கத்தில் இருந்த வரிகள் சில:

“கேள்வி கேட்டால் பதில் சொல்ல எனக்கு நேரம் ஆகும், மௌனம் மறுப்பு அன்று. ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாது. ‘என்ன நடந்தது, என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் சொல்வேன். கண்ணை மூடினால் எனக்குக் காட்சி எதுவும் வராது. உவமை சொன்னால் உவமைக்குள்ளேயே மாட்டிக்கொள்வேன். வீட்டுப்பாடத்தை மறந்தால் அது விருப்பமின்மையால் அன்று. டியூப்லைட் மினுக்கினால் நீங்கள் பேசுவது காதில் விழாது.”

முதல் உளவியலாளரிடம் இதில் ஒரு வரியைக்கூட நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது.

4. மாற்றக்கூடியதை முதலில் மாற்றுங்கள், மீதிக்குத்தான் ஏற்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

‘ஏற்பு’ என்ற சொல் தமிழ்க் காதில் ‘பொறுத்துப் போ’ என்றுதான் விழுகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆட்டிசம் உள்ள பலர் குழந்தையிலிருந்தே உடம்புக்கு வலி தரும் சத்தத்தையும் ஒளியையும் துணியின் உரசலையும் பொறுத்துப் பொறுத்தே களைத்துப்போனவர்கள். அவர்களிடம் போய் இன்னும் பொறு என்று சொல்வது சிகிச்சை ஆகாது. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். “சத்தம் எல்லாருக்குந்தான் கேக்குது, நீ மட்டும் ஏம்பா காதைப் பொத்திக்கிற?” என்று அம்மா கேட்பார். முதல் உளவியலாளர், விசில் வரும்போது அந்த அசௌகரியத்தை வரவேற்று அதோடு உட்கார்ந்திருக்கும்படி எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒன்பது நாள் செய்தேன். பத்தாம் நாள் அடுப்படிப் பக்கமே போக முடியாமல், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டேன்.

இரண்டாவது உளவியலாளர் தாளில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப் பக்கம், வெளியே இருக்கும், மாற்றக்கூடிய காரணங்கள். வலப் பக்கம், அவற்றை மாற்றிய பிறகும் உள்ளே மிஞ்சுபவை. குக்கர் இடப் பக்கம் போனது. அம்மாவிடம் பேசினோம், இப்போது சோற்றைப் பானையில் வடித்துவிடுகிறார், பருப்புக்கு மட்டும் குக்கர், அதுவும் நான் வீட்டில் இல்லாதபோது. அலுவலகத்தில் என் மேசை கம்ப்ரசர் அறையை ஒட்டிய சுவரோரம் இருந்தது. அதுவும் இடப் பக்கம்தான்.

மேசையை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும் என்று எழுதியவுடன் வலப் பக்கம் நிரம்பத் தொடங்கியது. ‘கேட்டால் என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.’ ‘பத்து வருஷமாக மற்றவர்கள் உட்கார்ந்த இடம்தானே.’ வயிற்றைப் பிசையும் வெட்கம். இவற்றை எந்த மேசையை நகர்த்தியும் போக்க முடியாது. ஆக்ட் சிகிச்சை வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான் என்றார் அவர். சத்தத்தை நான் ஏற்க வேண்டியதில்லை. சத்தத்தைக் குறைக்கும்படி கேட்கும்போது எழும் வெட்கத்தை இருக்க விட்டுவிட்டு, கேட்க வேண்டும். ‘ஏற்றுக்கொள்’ என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை; ‘இருக்க விடு’ என்றுதான் சொன்னார். விருந்தாளி வந்தால் அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லையே, திண்ணையில் இருக்க விடலாம் அல்லவா? அந்த ஒரு சொல் மாற்றம் எனக்கு மிகவும் உதவியது. உங்கள் சிகிச்சையாளரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் மாற்றம் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் சட்டத்தை முதல் வரியில் எழுதாதீர்கள். ‘சுவரோரம் உள்ள மேசையில் கணக்குச் சரிபார்க்கும்போது பிழை நேர்கிறது, கோப்பறைப் பக்கம் உள்ள மேசையைத் தந்தால் வேலை சீராக நடக்கும்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கிடைத்தது.

5. பயிற்சிகளை உங்கள் மனம் இயங்கும் வகைக்கு மாற்றுங்கள்

ஆக்ட் சிகிச்சை உவமைகளால் நிறைந்தது. ஓடையில் இலைகள் மிதந்து செல்வதாகக் கண்ணை மூடி நினைத்து, ஒவ்வோர் எண்ணத்தையும் ஓர் இலையில் வைத்து அனுப்பச் சொல்வார்கள். எனக்குக் கண்ணை மூடினால் கறுப்புத்தான் தெரியும். மனத்தில் காட்சியே வராதவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். இன்னொரு உவமையில் நீங்கள் பேருந்து ஓட்டுநர், எண்ணங்கள் கூச்சலிடும் பயணிகள். அந்தப் பயணிகள் எந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள், நடத்துநர் ஏன் எதுவும் கேட்கவில்லை என்பதிலேயே என் அமர்வு முடிந்துவிட்டது. உவமையை அப்படியே பொருள்கொள்வது நம் பிழையன்று. உங்களுக்கு அன்றாடம் கைவந்த ஒன்றிலிருந்து உவமையை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

என் உவமை கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. நடவடிக்கைகளை முதலில் குறிப்பேட்டில் பதிவு செய்வோம். பிறகுதான் பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்கு எடுத்தெழுதுவோம். எண்ணம் வந்தால் குறிப்பேட்டில் பதிந்துவிட வேண்டும். ‘நான்’ என்ற பேரேட்டுக் கணக்குக்கு எடுத்தெழுதக் கூடாது. ஒரு 40 பக்க நோட்டில் நான்கு பத்திகள் போட்டேன்: நேரம், மனம் சொன்னது, வெளியே தெரிந்தது, நான் செய்தது. ஒரு பதிவு இப்படி இருக்கும்: ‘காலை 9.40. மேலாளர் பதில் போடவில்லை, வேலை போய்விடும் என்று மனம் சொல்கிறது. வலது கால் ஆடுகிறது, தாடை இறுகியிருக்கிறது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைத் தொடர்ந்தேன்.’ பதிவு எத்தனை வந்தாலும் புத்தகம் அதே புத்தகம்தான் என்பதைக் கொண்டே, எண்ணங்களுக்கு அப்பால் உள்ள ‘நான்’ என்ற பகுதியையும் இரண்டாவது உளவியலாளர் எனக்கு விளக்கிவிட்டார். எண்ணங்கள் காய்கள், நீங்கள் பலகை என்று சொல்லும் சதுரங்கப் பலகை உவமையால் அது எனக்கு ஒருபோதும் விளங்கவில்லை. சமையலில் ஊறியவர் சமையலிலிருந்தும், கிரிக்கெட் புள்ளிவிவரம் மனப்பாடமாகத் தெரிந்தவர் அதிலிருந்தும் எடுக்கலாம்.

மேலே உள்ள பதிவில் ‘என்று மனம் சொல்கிறது’ என்று இருப்பதைக் கவனியுங்கள். எண்ணத்தை எட்டி நின்று பார்க்கும் பயிற்சிக்கு நம் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது தீர்ப்பு. ‘நான் எதற்கும் உதவாதவன் என்று’ எனச் சொன்ன உடனே வாக்கியம் முடியாமல் நிற்கிறது. யார் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. காட்சி வராதவர்களுக்கும் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவர்களுக்கும் இது நன்றாகவே கைகொடுக்கும். ஒரே சொல்லை வேகமாக 30 நொடி திரும்பத் திரும்பச் சொல்லி அதன் பொருளைக் கரைக்கும் பயிற்சியும் உண்டு. சொற்களைத் திரும்பச் சொல்லும் பழக்கம் இயல்பாகவே உள்ளவர்கள் அதில் கவனமாக இருங்கள். பழிச்சொல்லை எடுத்துக்கொண்டால் அது நாள் முழுவதும் வாயில் ஒட்டிக்கொள்ளக்கூடும். ‘எலுமிச்சை’ போன்ற தீங்கற்ற சொல்லில் முதலில் செய்து பாருங்கள்.

‘அந்த உணர்வு உடம்பில் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி என்னை மிகவும் திணறடித்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு உணர்வைப் பெயரிட்டு அறிவது கடினம். பசி, தாகம், இதயத் துடிப்பு போன்ற உடம்புக்குள் எழும் உணர்வுகளும் மங்கலாகவோ, அளவுக்கு மீறியோ தெரியும். ஆகவே உணர்வின் பெயரை விட்டுவிட்டு, வெளியே தெரியும் அடையாளங்களைப் பட்டியலிடுங்கள். எனக்குக் கால் ஆடுவது, ஒரே மின்னஞ்சலை நான்காம் முறை படிப்பது, குளியலறையில் தேவைக்கு மேல் நிற்பது ஆகிய மூன்றும் வந்தால் பதற்றம் என்று பொருள். பெயர் பிறகு வரும். வராவிட்டாலும் சிகிச்சை நடக்கும்.

இந்தக் கணத்தில் கவனம் என்றால் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது என்று மட்டும் பொருள் இல்லை. மூச்சைக் கவனித்தால் எனக்கு மூச்சு முட்டும். எங்கள் நிறுவனத்தில் மாதிரிக்கு வெட்டிய தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. கண்ணைத் திறந்தபடியே கட்டைவிரலால் முதலில் வழவழப்பான பக்கத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தேய்ப்பேன்; ஓரத்தில் வெட்டுக்கத்தி சற்றே தடுமாறிய இடத்தில் ஒரு சிறு பிசிறு இருக்கிறது, விரல் அங்கே வந்ததும் துண்டைத் திருப்புவேன். இரண்டு நிமிடம் போதும். உடம்பை ஆட்டுவது, விரல்களைச் சொடுக்குவது போன்ற இயல்பான அசைவுகளை அடக்கிக்கொண்டு செய்யும் கவனப் பயிற்சி நமக்கு வேண்டாம், அசைந்துகொண்டே செய்யலாம். எந்தப் பயிற்சியிலாவது திகில் கூடினால் நிறுத்திவிட்டு அடுத்த அமர்வில் சொல்லுங்கள்.

6. விழுமியங்களை ‘நாலு பேர்’ சொல்வதிலிருந்து பிரித்தெடுங்கள்

விழுமியம் என்றால், நீங்கள் எப்படிப்பட்ட மனிதராக வாழ விரும்புகிறீர்கள் என்பது. எட்ட வேண்டிய இலக்கு அன்று; நடக்க வேண்டிய திசை. முதல்முறை என்னிடம் அறுபது சொற்கள் கொண்ட தாளைக் கொடுத்து, முக்கியமான பத்தைக் குறிக்கச் சொன்னார்கள். பணிவு, பொறுமை, ஒத்துப்போதல், குடும்பக் கடமை என்று குறித்தேன். நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைப் போல நடித்தே தப்பித்து வந்தவர்கள். அந்த முகமூடியையே விழுமியம் என்று எழுதிவிடும் ஆபத்து இதில் மிக அதிகம். அப்படி எழுதினால் சிகிச்சையே முகமூடியை இறுக்கிவிடும். யாரும் பார்க்காவிட்டாலும், யாருக்கும் தெரியாமலே போனாலும் இதைச் செய்வேனா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். என் பட்டியலில் ஒத்துப்போதல் அங்கேயே விழுந்தது. துல்லியம், நேர்மை, வேண்டியவர்களுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுத்தல் ஆகிய மூன்று நின்றன. உங்களை மணிக்கணக்கில் ஈர்க்கும் பொருள் எதுவோ, அதில் எது உங்களை ஈர்க்கிறது என்று பார்ப்பதும் நல்ல வழி.

விழுமியத்தை விதியாக்கிவிடுவது இன்னொரு பொறி. ‘குடும்பம் முக்கியம்’ என்பதை ‘எல்லாத் திருமணத்துக்கும் போயாக வேண்டும்’ என்று என் மனம் மாற்றி வைத்திருந்தது. சித்தப்பா மகள் திருமணத்தில் இதைச் செய்து பார்த்தோம். கெட்டிமேளம் நடக்கும் நேரத்தில் மண்டபத்துக்குள் என்னால் இருக்க முடியாது. ஆகவே விடியற்காலை 4 மணிக்கே போய், சாமான் அறையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு வரிசையாக அடுக்கினேன். தாலி கட்டும்போது நான் அந்த அறையில்தான் இருந்தேன். கூட்டம் பந்திக்குப் போன பிறகு மணமக்களைப் பார்த்துவிட்டு, 8 மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தப்பா மட்டும், “பையெல்லாம் நீதான் போட்டியாமே” என்று தோளைத் தட்டினார்.

7. செயலைச் சிறிதாக்கி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குத் தெரிவு செய்வதைவிடத் தொடங்குவதுதான் கடினம். ‘தினமும் பயிற்சி’ என்று எழுதிக்கொண்டு வந்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். நாள், இடம், முன்னால் நடக்கும் செயல் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: ‘செவ்வாய்க்கிழமை, அலுவலக மேசையில், டீ வந்தவுடன் இரண்டு பதிவுகள்.’ நோட்டை இழுப்பறையில் வைத்தால் அது இல்லாததற்குச் சமம். விசைப்பலகையின் மேலேயே வையுங்கள். ஒருவர் அருகில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் வேலை தொடங்கும் என்பவர்கள் அதையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஞாயிறு மாலை என் தங்கை அருகில் துணி மடிக்கும்போது நான் அந்த வார நோட்டைப் பார்ப்பேன். மறந்த வாரத்தைத் தாண்டிவிடுங்கள், ஈடுகட்ட முயலாதீர்கள்.

8. செலவும் காலமும்

அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் கூட்டத்துக்கிடையே 50 நிமிட அமர்வுகளை வாரந்தோறும் எதிர்பார்க்காமல், நோய் உறுதி செய்யவும் மருந்துக்கும் அங்கே சென்று, பயிற்சிகளை வேறிடத்தில் தொடரலாம். என் கணக்கு இது: மதிப்பீட்டுக்கு 6,500 ரூபாய், பயனில்லாமல் போன ஐந்து அமர்வுகளுக்கு 5,000, இரண்டாவது உளவியலாளரிடம் 50 நிமிட அமர்வு 14, தலா 1,200 வீதம் 16,800, 30 நிமிட அமர்வு 6, தலா 700 வீதம் 4,200. மொத்தம் 32,500 ரூபாய், போக்குவரத்து தனி. இடத்துக்கு இடம் கட்டணம் மாறும். அரை அமர்வு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். முழு அமர்வு தாங்காத நாள்களில் அது பணத்தையும் உடம்பையும் சேர்த்துக் காக்கும். வராத நாளுக்கும் கட்டணம் உண்டா, எத்தனை மணி நேரம் முன் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மறதி உள்ளவர்களுக்கு இதில்தான் பணம் அதிகம் கரையும்.

முதல் எட்டு அமர்வுகள் வாரம் ஒன்று, அடுத்த பத்து இரு வாரத்துக்கு ஒன்று, கடைசி இரண்டு அமர்வுகள் மாதம் ஒன்று என ஏறத்தாழ 9 மாதம் ஆயிற்று. வேகத்தைக் குறைப்பது நமக்கு நல்லது. ஓர் அமர்வில் ஒரே ஒரு புதிய பயிற்சி போதும். சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் நேரத்தை எடுக்காதீர்கள். வேலூர் வெயிலில் வியர்த்து வந்து உட்காரும்போது பாதி அமர்வு உடம்பு அடங்குவதற்கே போய்விடும். அமர்வு முடிந்த பின் அலுவலகம் செல்லும் திட்டமும் வேண்டாம். நான் சனிக்கிழமை காலை 9 மணியை எடுத்து, அன்று வேறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒலி, கூட்டம் தாங்காதவர்கள் சில அமர்வுகளைக் காணொளியில், கேமராவை அணைத்துவிட்டுச் செய்யலாம்.

ஆறு அமர்வுகள் கடந்தும் நீங்கள் தலையாட்டிக்கொண்டு மட்டுமே இருக்கிறீர்கள் என்றால், அதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். மாற்றம் இல்லையென்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

9. முடிக்கும் முன் வாங்க வேண்டிய தாள்கள்

சிகிச்சையின் கடைசி அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே சுருக்க அறிக்கை கேளுங்கள். எத்தனை அமர்வுகள், எந்தப் பயிற்சிகள் பயன்பட்டன, எவை பயன்படவில்லை, என்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்பவை அதில் இருக்க வேண்டும். கீழே கையொப்பம், முத்திரை, சி.ஆர்.ஆர். எண். பின்னாளில் வேறு ஊரில் வேறொருவரிடம் போக நேர்ந்தால் நீங்கள் மீண்டும் முதலிலிருந்து விளக்க வேண்டியிராது.

இந்த அறிக்கை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் ஆகாது. அதைக் குழப்பிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டுவோர் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் கட்டணமின்றி விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் அதற்கென உள்ள மருத்துவர்களிடம் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். ஆட்டிசத்தின் அளவை ஐசா என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோலால் கணிப்பார்கள்; பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு வேண்டும். ஐயம் இருந்தால் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனுநாளான திங்கட்கிழமை அந்த வளாகம் நிரம்பி வழியும். வேறு நாளில், அலுவலகம் திறந்தவுடன் செல்லுங்கள். ஆதார், புகைப்படம், மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றின் நகல்களோடு, உங்கள் ஒரு பக்கக் குறிப்பின் நகலையும் கோப்பின் மேலே வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச முடியாமல் நின்றபோது அங்கிருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு, நாற்காலி ஒன்றை நடைவழியின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக் கொடுத்தார்.